பெற்றது எத்தனை, வளர்த்தது எத்தனை?

எங்கள் ஊர்ப் பெண்கள் கலியாண வீட்டிலோ கோயில் வீதியிலோ முதன்முறை சந்தித்துக்கொள்ளும்போது ஒருவரையொருவர் கேட்கும் கேள்வி ஒன்று முன்னாளில் இருந்தது. "எத்தனை பிள்ளையள்?" என்று அவர்கள் கேட்பதில்லை. "பெத்தது எத்தனை, வளர்த்தது எத்தனை?" என்றே கேட்பார்கள். இரண்டு எண்களும் ஒன்றாயிருத்தல் அரிது என்பதைக் கேட்பவளும் அறிவாள். விடை சொல்பவளும் அறிவாள். ஆதலால் அக்கேள்வியில் குத்தலும் இல்லை, கூச்சமும் இல்லை.

என் ஆச்சி பாக்கு வெட்டும் கையை நிறுத்தாமலே, "பெத்தது பதினொண்டு, வளர்த்தது ஐஞ்சு" என்பார். என் தாயார் சொன்ன விடை, "பெத்தது ஏழு, வளர்த்தது ஆறு" என்பது. என் தங்கையிடம் இக்கேள்வியை எவரும் கேட்டதாக நான் அறியேன். அவள் மூன்று பெற்றாள், மூன்றையும் வளர்த்தாள். ஒரே குடும்பத்து மூன்று தலைமுறைப் பெண்களின் இந்தக் கணக்கினுள்ளே இந்த நாட்டின் ஒரு நூற்றாண்டுச் சரித்திரம் அடங்கிக் கிடக்கின்றது என்பதை நான் வயது முதிர்ந்த பின்னரே உணர்ந்தேன். அதனை உணர்த்திய நிகழ்ச்சியைப் பின்னர்ச் சொல்வேன்.

விதி என்ற ஒரு சொல்

ஆச்சி இழந்த ஆறு குழந்தைகளுக்கும் ஆறு காரணங்கள் சொல்வார். ஒன்றுக்கு மாந்தம், ஒன்றுக்குக் கணை, ஒன்றுக்குச் செங்கிரந்தி, ஒன்றை நாவூறு கொண்டுபோயிற்று, இரண்டு துடக்குக் கழியுமுன்னரே "கண் மூடிவிட்டன". இவற்றுக்கெல்லாம் மேலாக விதி என்ற ஒரு சொல் இருந்தது. அந்த விதியை ஏமாற்றுவதற்கும் வழிகள் இருந்தன. பல பிள்ளைகளை இழந்த வீட்டிலே அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு மூக்குக் குத்துவார்கள். யமனுக்கு விருப்பம் வராத வண்ணம் பிச்சை என்றோ குப்பை என்றோ பெயரிடுவார்கள். அயல் வீட்டாருக்குத் தவிட்டுக்கு விற்று மீள வாங்குவார்கள். என் தாயாரின் தமையனார் ஒருவர் அவ்வாறு தவிட்டுக்கு விற்கப்பட்டு மீண்டவர். எண்பது வயதுவரை வாழ்ந்த அவரை ஊரவர் இறுதிவரை "தவிட்டர்" என்றே அழைத்தனர்.

இவற்றை மூடநம்பிக்கை என்று எள்ளி நகையாடுதல் எளிது. ஆயினும் சற்றே எண்ணிப் பார்த்தால், இவை யாவும் ஒரு தாயின் கையில் வேறு ஆயுதம் இல்லாதபோது அவள் எடுத்த ஆயுதங்கள் என்பது புலனாகும். பெயரையும் தவிட்டையும் கொண்டு மரணத்தோடு போரிட்டவர்களை நான் நகைக்கமாட்டேன். அவர்களுக்கு வேறு ஆயுதம் ஏன் கிட்டவில்லை என்பதே கேட்கத் தக்க கேள்வி.

பதிவேடு சொல்லும் கதை

இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவு 1867 ஆம் ஆண்டிலே தொடங்கியது. அப்பதிவேடுகளின் எண்களைப் படிப்பவர்க்கு 1935 ஆம் ஆண்டு கண்ணில் முள்ளாய்த் தைக்கும். உயிருடன் பிறந்த ஒவ்வோராயிரம் குழந்தைகளிலும் 263 குழந்தைகள் அவ்வாண்டிலே தம் முதலாவது பிறந்தநாளைக் காணாமல் மடிந்தன. நான்கு தொட்டில் கட்டிய இடத்தில் ஒன்று வெறுமையாயிற்று என்பது இதன் பொருள். 1934 இல் பருவமழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாய்த் தேங்க, அக்குட்டைகளில் நுளம்பு பெருகி, மலேரியாக் காய்ச்சல் நாட்டின் நடுப்பகுதியைச் சூறையாடியது. சில மாதங்களுள் சுமார் 80,000 பேர் மாண்டனர்.

பதினைந்தே ஆண்டுகள் சென்றன. 1946 இல் ஆயிரத்துக்கு 141 ஆக இருந்த சிசு மரண வீதம் 1947 இல் 101 ஆக இறங்கியது. 1950 இல் 82. 1960 இல் 57. இன்று அது பத்துக்கும் குறைவு. செல்வம் கொழிக்கும் நாடுகள் பல தலைமுறைகளில் நடந்து கடந்த தூரத்தை, செல்வம் இல்லாத இச்சிறு தீவு விரைந்து ஓடிக் கடந்தது. உலகத்து அறிஞர் பலர் இதனைக் கண்டு வியந்தனர். எவ்வாறு நிகழ்ந்தது என்று வாதிட்டனர்.

1945, 1946 ஆம் ஆண்டுகளில் வீட்டுச் சுவர்களிலே தெளிக்கத் தொடங்கிய டி.டி.ரி. மருந்தே காரணம் என்றனர் சிலர். அதன் பங்கு பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் மலேரியா அதிகம் இல்லாத பகுதிகளிலும் இறப்பு வீழ்ந்தது என்பதைச் சுட்டிக்காட்டி, கதை அவ்வளவு எளிதன்று என்றனர் வேறு சிலர். 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டதிலிருந்து கிராமந்தோறும் நடந்து சென்ற மருத்துவ மாதர்; 1931 இல் ஆண் பெண் அனைவர்க்கும் கிடைத்த வாக்குரிமையால் வைத்தியசாலை கேட்கத் துணிந்த குடிமக்கள்; போர்க்காலத்திலிருந்து பங்கீட்டில் கிடைத்த மலிவு அரிசி; 1945 இல் வந்த இலவசக் கல்வி. இவை அனைத்தும் சேர்ந்தே அந்த எண்களை இறக்கின. நுளம்பை மருந்து கொன்றது. ஆனால் மருந்தை நம்பி வீட்டுக் கதவைத் திறந்துவிட்டவள் ஒரு பெண்.

மரணம் நுழையும் ஐந்து வாயில்கள்

1984 ஆம் ஆண்டிலே மோஸ்லி, சென் என்னும் இரு அறிஞர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். வறுமை, கல்வியின்மை, வழக்காறு ஆகியவை குழந்தையை நேரே கொல்வதில்லை என்றும், அவை வீட்டிற்குள் நுழைவதற்குச் சில வாயில்கள் உள என்றும், அவ்வாயில்கள் ஐந்து என்றும் அவர்கள் வகுத்துக் காட்டினர். அந்தப் பாகுபாட்டைப் படித்தபோது எங்கள் பழைய நாற்சார் வீடே என் கண்முன் எழுந்தது.

முதலாவது வாயில் தாயின் உடல். அவள் மிக இளையவளாயிருத்தல், முதிர்ந்தவளாயிருத்தல், பல பேறு கண்டவளாயிருத்தல், ஒரு பேற்றுக்கும் அடுத்த பேற்றுக்கும் இடைவெளி குறுகியிருத்தல் என்பன. ஆச்சி பதினாறு வயதிலே முதற் பிள்ளையைப் பெற்றார். பதினொரு பிள்ளைகளில் இரண்டு ஆண்டுக்கும் குறைந்த இடைவெளியில் வந்தவையே பெரும்பாலும் இறந்தன என்பதை, நான் தாளிலே ஆண்டுகளைக் குறித்துப் பார்த்தபோது கண்டேன். ஒரு பிள்ளை பிறந்த பின் அடுத்ததைக் கருக்கொள்ள 24 மாதமாவது பொறுத்தல் நன்று என்று உலக சுகாதார நிறுவனம் இன்று அறிவுரை கூறுகின்றது. முன்னதன் பால் அற்றுப்போவதும், பின்னது எடை குறைந்து பிறப்பதும் ஆகிய இரட்டைக் கேட்டை இந்த ஒரு பொறுமை தவிர்க்கும். ஆயின், பொறுக்கும் உரிமை அந்தப் பதினாறு வயதுப் பெண்ணிடம் இருந்ததா?

இரண்டாவது வாயில் நீரும் கையும் காற்றும். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே ஒன்றோடொன்று உறவு கொண்டவை. ஒரு வளவின் அழுக்கு அடுத்த வளவின் கிணற்றை அடைய நெடுநாள் செல்லாது. தெளிந்த தண்ணீர் யாவும் தூய தண்ணீர் அன்று. மலங்கழுவிய கை சவர்க்காரம் காணாமல் சோறு பிசைந்தால், கிணற்றைக் காவல் செய்தும் பயனில்லை. பொச்சும் ஊமலும் எரித்த எங்கள் குசினியிலே புகைபோக்கி இல்லை. இடுப்பில் பிள்ளையோடு அடுப்பூதிய தாய்மார் அந்தப் புகையைப் பிள்ளைக்கும் ஊட்டினர். உலகெங்கும் சிறு குழந்தைகளைக் கொல்லும் தொற்றுக்களிலே நுரையீரல் அழற்சியே முன்னிற்பது. அதற்கு இந்தப் புகை ஒரு துணைவன்.

மருத்துவிச்சியின் கையிலிருந்த கத்தியையும் இங்கே சொல்ல வேண்டும். கொப்பூழ்க்கொடியை அறுத்த கத்தி முதல்நாள் மரக்கறி அரிந்த கத்தியாயிருக்கும். அறுத்த இடத்திலே சாம்பல் வைப்பதும் உண்டு. மண்ணிலும் சாணத்திலும் உறங்கும் ஏற்புவலிக் கிருமி அந்த வழியே புகுந்து, ஒரு கிழமையளவிலே குழந்தையின் வாயைப் பூட்டிவிடும். பால் குடிக்க இயலாது இறந்துபோகும். ஆச்சி "துடக்குக் கழியுமுன்னர்" இழந்த இரண்டும் இவ்வாறு போயிருக்கலாம் என்றே நான் எண்ணுகின்றேன். நம் நாட்டிலே கருவுற்ற தாய்மாருக்கு ஏற்புவலித் தடுப்பூசி 1969 இல் தொடங்கியது. கொதிநீரில் அவித்த கத்தரிக்கோலும் அந்த ஊசியும் சேர்ந்து ஒரு பெருந்துயரத்தை நம் ஞாபகத்திலிருந்தே துடைத்துவிட்டன.

மூன்றாவது வாயில் உணவு. பிறந்த உடனே சுரக்கும் கடும்புப்பாலைத் தீட்டென்று பீய்ச்சி எறிந்துவிட்டுச் சீனித்தண்ணீர் தொட்டு வைத்த வீடுகள் பல. குழந்தையின் முதல் தடுப்பு மருந்தே அந்தப் பால் என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் வேண்டா. அதன் பின்னர்த் தாய்ப்பாலோடு சோறும் பருப்பும் கீரையும் மீனும் சிறுகச் சிறுகச் சேர வேண்டும். மரக்கறி விற்ற காசிலே பால்மாப் பேணி வாங்கி, அது தீராதிருக்க நீரைக் கூட்டிக் கரைத்து, கழுவாத போத்தலில் ஊட்டியமையால் இறந்த பிள்ளைகளின் தொகையை எந்தப் பதிவேடும் தனியே குறிக்கவில்லை.

உணவைப் பற்றிப் பேசுகையில் பெண் குழந்தையைப் பற்றிப் பேசாது போதல் நேர்மையன்று. இயற்கையிலே பெண் சிசு ஆண் சிசுவினும் உறுதியானது. ஆனால் 1946 இல் இலங்கையிலே பிறந்த ஆண் குழந்தைக்கு 44 வயதளவும் பெண் குழந்தைக்கு 42 வயதளவுமே ஆயுள் எதிர்பார்க்கப்பட்டது. இயற்கை கொடுத்த முதலை வீடு பறித்தது. பிள்ளைப்பேற்றின் அபாயம் அதற்கு ஒரு காரணம். அடுக்களையிலே கடைசியாக இலை போடப்பட்டது மற்றொரு காரணம். அறுபதுகளிலேதான் பெண்கள் இவ்விடத்தில் முந்தினர்.

நான்காவது வாயில் விபத்து. கட்டுக் குறைந்த கிணறு, எட்டும் உயரத்தில் வைத்த மண்ணெண்ணெய்ப் போத்தல், நிலத்திலே எரியும் அடுப்பு, இருளில் ஊரும் பாம்பு. ஐந்தாவது வாயில் நோயைத் தடுப்பதிலும் தீர்ப்பதிலும் வீடு காட்டும் வேகம் அல்லது தாமதம். இந்த ஐந்தாவது வாயிலிலேதான் என் சொந்தக் கதை தொடங்குகின்றது.

ஒரு செம்புத் தண்ணீர்

1950 ஆம் ஆண்டு. எனக்கு எட்டு வயது. என் தம்பிக்கு இரண்டு வயது நிறையவில்லை. மாரி தொடங்கிய நாட்களிலே அவனுக்கு வயிற்றோட்டம் கண்டது. பரியாரியார் வந்து நாடி பார்த்து மருந்து கொடுத்துப் போனார். வயிற்றோட்டத்துக்குத் தண்ணீர் ஆகாது, குடித்தால் கூடும் என்பது ஊரறிந்த நியதி. அம்மா தோட்டத்து வேலைக்குப் போகுமுன் என்னை அழைத்துச் சொன்னார்: "மோனை, செம்பை எடுத்து உயரத்திலை வை. தம்பி கேட்டாலும் குடாதை. குடுத்தியோ, அவனைக் கொண்டு போடும்."

நான் செம்பை எடுத்துப் பரணிலே வைத்தேன். அவன் பேசத் தொடங்கியிருந்த காலம் அது. "அண்ணை, தண்ணி" என்றான். சற்றுப் பொறுத்து மீண்டும் சொன்னான். பின்னர்ச் சொல்லாமல் செம்பு இருந்த திசையையே பார்த்துக்கொண்டு கிடந்தான். அவன் கண்கள் குழிந்திருந்தன. அழுதபோது கண்ணீர் வரவில்லை. கண்ணீர் வரவில்லை என்பதை ஒரு நல்ல குறி என்று நான் எண்ணினேன். மூன்றாம் நாள் அதிகாலையில் அவன் இறந்தான். ஐயா ஒரு வெள்ளைத் துணியிலே சுற்றித் தூக்கிச் சென்று புதைத்தார். அம்மா மறுநாளும் தோட்டத்துக்குப் போனார். வெங்காயம் நட்டிருந்த காலம்.

பல ஆண்டுகளின் பின்னர் நான் அறிந்ததை இங்கே எழுதுகின்றேன். வயிற்றோட்டத்திலே குழந்தையைக் கொல்வது நோய்க்கிருமி நேரே அன்று. உடல் இழக்கும் நீரும் உப்புமே. குழிந்த கண்ணும், கண்ணீரில்லா அழுகையும், கிள்ளினால் மீளாத தோலும் அந்த இழப்பின் அடையாளங்கள். சிறுகுடலிலே சீனிச்சத்தும் உப்பும் ஒன்றாகச் சென்றால் ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு இரத்தத்தினுள் செல்லும். அவற்றின் பின்னே நீரும் செல்லும். கடும் வயிற்றோட்டத்தின் நடுவிலும் இந்தக் கதவு மூடப்படுவதில்லை. 1960 ஐ அடுத்த ஆண்டுகளிலேதான் விஞ்ஞானிகள் இவ்வுண்மையைத் தெளிந்தனர். 1971 இல் வங்காளத்துப் போருக்கு அஞ்சி ஓடிவந்த அகதிகளிடையே பொங்காவ் முகாமில் வாந்திபேதி பரவியபோது, நாளத்தில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோக, டொக்டர் திலீப் மகாலனாபிஸ் என்பார் சீனியும் உப்பும் கரைத்த நீரைப் பெரும் கலங்களில் நிறைத்து வைத்து, நோயாளரின் உறவினர்களையே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேரளவில் மாண்ட இடத்தில் நான்கு பேருக்கும் குறைவாகவே மாண்டனர். சுத்தமான தண்ணீர் ஒரு லீற்றர், மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. அந்த மருந்து அவ்வளவுதான். எங்கள் வீட்டுக் குசினியிலே 1950 இலும் அவை மூன்றும் இருந்தன.

மலைநாட்டில் கண்டது

1973 ஆம் ஆண்டு நான் மலைநாட்டிலே ஒரு தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியனாய்ச் சென்றேன். அரிசிப் பங்கீடு குறைந்து, மாவின் விலை ஏறி, கையளவு நிலமும் இல்லாத தோட்டத் தொழிலாளர் பசியால் வாடிய காலம் அது. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவிலே ஒரு குடும்பம் உண்டு, உறங்கி, அடுப்பெரித்து, பிள்ளை பெற்றது. பல குடும்பங்களுக்கு ஒரு பீலித் தண்ணீர்.

மூன்றாம் வகுப்பிலே ஒரு சிறுமி. தாய் விடியப் பெரட்டுக்குப் போய்விடுவாள். பிள்ளைக் காம்பராவிலே விட்டால் அழுகின்றான் என்று, தன் கைக்குழந்தைத் தம்பியை இந்தச் சிறுமி இடுப்பிலே தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வருவாள். அவனை மடியிலே கிடத்திக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படிப்பாள். ஒரு கிழமை அவளைக் காணவில்லை. மறு கிழமை தனியே வந்தாள்.

"தம்பி எங்கே?" என்றேன்.

"போயிருச்சுங்க சார்" என்றாள். பின் தன் இடத்தில் அமர்ந்து புத்தகத்தை விரித்தாள். மடி வெறுமையாயிருந்தமையால் புத்தகத்தை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை போலும். சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

வரவு இடாப்பிலே அவள் வராத நாட்களுக்கு எதிரே நான் ஏற்கனவே "வீட்டு வேலை" என்று எழுதியிருந்தேன்.

நாடு முழுவதையும் எடுத்து நோக்கினால், 1973 இல் ஆயிரத்துக்கு 46 ஆக இருந்த சிசு மரண வீதம் 1974 இல் 51 ஆக உயர்ந்தது. நெடுங்காலம் இறங்கிக்கொண்டே வந்த கோடு அவ்வாண்டு மேலே திரும்பியது. அதனை மேலே திருப்பியதில் பெரும்பங்கு மலைநாட்டு லயங்களுடையது. மேலே சொன்ன ஐந்து வாயில்களும் அந்த ஒரு காம்பராவில் திறந்தே கிடந்தன. ஒரு நாட்டின் சராசரி என்பது ஒரு போர்வை. சிலருடைய கால்கள் அதற்கு வெளியே நீண்டு குளிரில் விறைத்துக் கிடக்கும். பின்வந்த ஆண்டுகளிலே தோட்டங்களுக்கும் மருத்துவ மாதரும் தடுப்பூசியும் பாடசாலைகளும் சென்றமையால் இறப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. எனினும் 2016 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, வயதுக்கேற்ற உயரம் இல்லாத சிறார் நாட்டிலே நூற்றுக்கு 17. பெருந்தோட்டங்களிலே ஏறத்தாழ 32. உயிர் தப்பியது, உடல் இன்னும் தப்பவில்லை.

எழுத்தறிந்த தாய்

ஜோன் கால்ட்வெல் என்னும் அவுஸ்திரேலிய அறிஞர் நைஜீரியாவின் இபதான் நகரத்துத் தாய்மாரை ஆராய்ந்து 1979 இல் ஒரு கட்டுரை எழுதினார். தந்தையின் தொழில், குடும்பத்தின் வருவாய் ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தாலும், தாய் பள்ளிக்கூடம் சென்றமை தானே தனியாகக் குழந்தைகளைக் காக்கின்றது என்று கண்டார். 1986 இல் அவரே கேரளத்தையும் இலங்கையையும் கொஸ்தாரிக்காவையும் எடுத்துக்காட்டி, வறிய நாடும் பெண்களைப் படிப்பித்தால் குழந்தைகளைக் காக்கலாம் என்று நிறுவினார்.

பள்ளிக்கூடத்திலே நாம் அவர்களுக்குக் கற்பித்தது என்ன? ஆத்திசூடியும் பெருக்கல் வாய்பாடும் அன்றோ! அவை எவ்வாறு குழந்தையைக் காக்கும்? கால்ட்வெல் சொன்ன விடை என்னைச் சிந்திக்க வைத்தது. படித்த பெண் விதியென்று ஓய்வதில்லை. வைத்தியசாலை வாயிலிலே அஞ்சி நிற்பதில்லை. எல்லாவற்றிலும் மேலாக, வீட்டிலே மூத்தோர் சொல்லுக்கு எதிரே தன் சொல்லை வைக்கத் துணிகின்றாள். இவ்விடை உண்மை என்பதற்கு நானே சாட்சி.

1979 இல் என் தங்கையின் கடைக்குட்டிக்கு வயிற்றோட்டம். விடுமுறையில் நானும் ஊரில் நின்றேன். தங்கை இலவசக் கல்வியால் சிரேஷ்ட வகுப்புவரை படித்தவள். அடுப்பிலே தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, மருத்துவ மாது சொல்லிக்கொடுத்தபடி சீனியும் உப்பும் அளந்து கரைத்து, தேக்கரண்டியால் பிள்ளைக்கு ஊட்டத் தொடங்கினாள். அம்மா ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"விசரே உனக்கு? ஓடுற வயித்துக்குத் தண்ணி குடுக்கிறாய்!"

"அம்மா, கையை விடுங்கோ. ஓடினது முழுக்கத் திரும்ப உள்ளுக்குப் போக வேணும்."

அம்மா கையை விட்டார். ஆனால் நகரவில்லை. இரவு முழுவதும் தங்கை ஊட்டிக்கொண்டேயிருந்தாள். வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் ஊட்டினாள். விடியற்காலையில் பிள்ளை அழுதது. கன்னத்திலே கண்ணீர் வழிந்தது. நான் அந்தக் கண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா திண்ணையிலே போய் அமர்ந்தார். நெடுநேரம் முற்றத்தைப் பார்த்திருந்துவிட்டு, எங்களில் யாரையும் நோக்காமல் கேட்டார்:

"அப்ப, அவனுக்கும் தண்ணி குடுத்திருக்கலாமோ?"

அவர் தம்பியைப் பற்றிப் பேசி நான் கேட்டது, அவன் இறந்த பின் அதுவே முதன்முறை. எனக்கு நா எழவில்லை. தங்கைதான் சொன்னாள்: "அந்த நாளையிலை படிச்ச டாக்குத்தர்மாரும் வயித்துக்கு ஓய்வு குடுக்கச் சொல்லித்தானம்மா சொன்னவை. உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது?"

தங்கை சொன்னது முற்றிலும் உண்மை. வயிற்றோட்டத்திற் குடலுக்கு ஓய்வு கொடுத்தல் என்பது அக்காலத்து மேனாட்டு வைத்தியத்திலும் வழங்கிய கொள்கையே. அம்மா தன் பிள்ளையைக் கவனியாது விட்டவர் அல்லர். தமக்குக் கிட்டிய அறிவை ஒழுங்காகப் பின்பற்றியவர். அந்த அறிவு பிழையாயிருந்தது. அதற்காக அவரைக் குற்றவாளியாக்குதல் அநீதி. அவர் மன்னிப்புக் கேட்கவும் இல்லை; எவரும் கொடுக்கவும் இல்லை. "ஓம், ஆர் சொல்லித் தந்தது" என்று அந்தச் சொற்களையே திருப்பிச் சொல்லிவிட்டு எழுந்து முற்றம் கூட்டப் போனார்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

உலகெங்கும் 1990 ஆம் ஆண்டிலே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ 1 கோடியே 28 இலட்சம் பேர் இறந்தனர். 2022 இல் அத்தொகை 49 இலட்சமாகக் குறைந்தது. குறைந்ததே மகிழ்ச்சி என்று ஓய்ந்திருக்கலாமா? அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் பிறந்து ஒரு மாதம் நிறையாதவர். நம் நாட்டிலே இறப்பு மிகக் குறைந்திருப்பினும், 2022 இன் பொருளாதார நெருக்கடியிலே எத்தனையோ வீடுகளில் ஒருநேர உணவு குறைந்தது. குறைந்தபோது யாருடைய இலையிலே முதலில் குறைந்தது என்பதை நாம் கேட்டறிய வேண்டாவா? கோடு மேலே திரும்பக்கூடும் என்பதற்கு 1974 சாட்சி.

இதனை வாசிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர்களிடம் தத்தம் வீட்டு மூதாட்டியரை அணுகி, "பெற்றது எத்தனை, வளர்த்தது எத்தனை?" என்று மரியாதையோடு கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை அவர்கள் கழித்தற் கணக்காகச் செய்யட்டும். அந்த வித்தியாசம் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் இருந்தது. சிலவற்றுக்குப் பெயரும் இருந்தது. பின்னர் அந்த எண் எவ்வாறு குறைந்தது என்று அவர்களே தேடட்டும். கிணறும் கத்தியும் ஊசியும் அரிசியும் மருத்துவ மாதின் குடையும் தம் பள்ளிக்கூடமும் அவர்களுக்கு அங்கே தென்படும்.

பின்னாளில் அந்தச் சீனியுப்பு நீர் "ஜீவனி" என்னும் பொட்டலமாக வைத்தியசாலைகளில் வந்தது. அம்மா தம் கடைசிக் காலம்வரை இரண்டு பொட்டலங்களைத் தம் பெட்டகத்திலே, சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தார். அயலிலே எந்தப் பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றாலும், பொல்லை ஊன்றிக்கொண்டு அவரே கொண்டுபோய்க் கொடுப்பார். ஒன்று தீர்ந்தால் என்னிடம் சொல்லி இன்னொன்று வாங்கிவைப்பார். எதற்காக என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை; அவரும் சொன்னதில்லை.